டச்சுக்காரன் காப்பாற்றிய ஊர்

சென்னைப் போக்குவரத்து நெரிசலுக்கு யார் காரணம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. மெட்ரோ ரயில் வேலை, ஐ.டி. கம்பெனிகள், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய இரண்டாவது கார். நாம் வாங்கிய இரண்டாவது கார் இந்தக் கணக்கில் வராது. அது அவசியத்துக்கு வாங்கியது.

சரித்திரத்தைக் கொஞ்சம் தூசி தட்டினால் அசல் குற்றவாளி அகப்படுகிறார். பெயர் யான் வான் வெசிக். தேசம் ஹாலந்து. சம்பவ இடம் பழவேற்காடு. வருஷம் 1611.

அந்த ஆகஸ்ட் மாதம் 'குளோப்' என்ற ஆங்கிலேயக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்து அப்போதுதான் பத்து வருஷம் கடந்திருந்தது. சோழமண்டலக் கரையில் எங்காவது ஒரு மூலையில் கடை போட்டு, நாலு மூட்டைத் துணி வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற அடக்கமான ஆசையோடுதான் வந்தார்கள். பழவேற்காட்டுத் துணிக்குக் கிழக்குத் தீவுகள் வரைக்கும் மவுசு இருந்த காலம் அது. ஆனால் டச்சுக்காரர்கள் ஒரு வருஷம் முந்திக்கொண்டு விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் ஒப்பந்தம் வாங்கி மடியில் வைத்திருந்தார்கள். வெசிக் அதை எடுத்துக் காட்டி, இங்கே இன்னொரு ஐரோப்பியனுக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். குளோப் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மசூலிப்பட்டினம் பக்கம் போனது.

ஆங்கிலேயர் ரோஷக்காரர்கள் என்று யார் சொன்னது? எட்டே வருஷத்தில், 1619-ல், ஐரோப்பாவில் இரண்டு கம்பெனிகளுக்கும் சமரசம் ஏற்பட்டது; அதைச் சாக்காக வைத்து மறுபடி பழவேற்காட்டில் வந்து ஒண்டினார்கள். இதற்குள் போர்த்துகீசியர் 1612-ல் வந்து அடித்துவிட்டுப் போன அனுபவத்தில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்திருந்தார்கள். வியாபாரத்தில் பங்கு வேண்டுமென்றால் கோட்டைக் காவல் செலவில் பாதியைத் தர வேண்டும் என்று நிபந்தனை. ஒண்டுக் குடித்தனம் வந்தவர் தலையில் வாட்ச்மேன் சம்பளத்தில் பாதியைக் கட்டுகிற வீட்டுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை, சில வருஷங்களில் ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள்.

அடுத்து 1626-ல் பழவேற்காடு ஏரிக்கு வடக்கே துர்கராஜபட்டினத்தில் ஆர்மகான் என்று பெயர் வைத்து ஒரு கிடங்கு போட்டார்கள். அங்கே துணியும் சரியாகக் கிடைக்கவில்லை, நிம்மதியும் கிடைக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே என்ற அதிகாரி தெற்கே கிளம்பி வந்து, 1639-ல் அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர்களிடம் மதராசப்பட்டினத்து மணல்மேட்டுக்கு அனுமதி வாங்கினார். துறைமுகம் கிடையாது. அலை அடிக்கிற அடியில் மசூலாப் படகில் இறங்கினால்தான் கரை. இப்பேர்ப்பட்ட இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு வேண்டப்பட்ட அம்மாள் ஒருத்தி இருந்தாள் என்று ஒரு வம்பு நெடுங்காலமாக உலவுகிறது. இன்னொரு கதையும் உண்டு. பழவேற்காட்டு டச்சுக்காரனும் சாந்தோம் போர்த்துகீசியனும் ஓயாமல் மோதிக்கொண்டதால், நடுவே மூன்றாவது ஆள் ஒருவனை உட்கார்த்தி வைத்தால் அமைதி கிடைக்கும் என்று நாயக்கர் நினைத்தாராம். இந்தக் கதை நிஜமென்றால் சென்னை பிறந்ததே சென்டர் மீடியனாகத்தான். பிற்பாடு அந்த மீடியன்மேல் ஒரு கோடிப் பேர் குடியேறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வான் வெசிக் மட்டும் 1611-ல் கொஞ்சம் தாராள மனசுக்காரராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜார்ஜ் கோட்டை பழவேற்காட்டில் எழுந்திருக்கும். லைட்ஹவுஸ் குப்பத்தில் அரசியல் தலைவர்களின் சமாதிகள் வரிசையாக இருந்திருக்கும். கோட்டைக்குப்பம் சிக்னலில் சிவப்பு விழுந்தால் பொரிகடலை விற்கிறவர் நாலு வண்டியைச் சுற்றி வந்திருப்பார். ஆண்டிக்குப்பத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடை, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பார்க்கிங் கிடைக்காமல் ஏரியைச் சுற்றுகிற கார்கள். மயிலாப்பூர்க்காரர் நிம்மதியாக மாடவீதியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பார்.

இத்தனையிலிருந்தும் ஊரைக் காப்பாற்றிய டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காடு செய்த நன்றி, அவர்கள் கல்லறையைப் பத்திரமாக வைத்திருப்பதுதான். நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. உள்ளே போகிறவனைப் பயமுறுத்தத்தான் செதுக்கினார்கள் போலிருக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டுப் பட்டு இப்போது அண்ணாசாலையில் ஒரு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றவர்களின் களை அவற்றில் வந்துவிட்டது. கோட்டை போய்விட்டது. அதன் இடத்தில் முள்ளும் புதரும். டச்சுத் தலைமையகம் 1690-ல் நாகப்பட்டினம் போனது. ஊர் கைமாறிக் கைமாறி 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயருக்கு வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாசலில் நிறுத்தப்பட்டவன் கடைசியில் வீட்டையே வாங்கிவிட்டான். வாங்கிய பிறகு அதில் குடியிருக்க அவனுக்கு மனமில்லை. ஊர் பிழைத்தது.

சென்னை வளர்ந்தது. வளர்கிற ஊருக்கு விறகு வேண்டும், உப்பு வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். இதெல்லாம் வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் கிடந்தது. நடுவே மணல், மாட்டு வண்டிச் சக்கரம் பாதி இறங்கிவிடும். இங்கேதான் பாசில் கோக்ரேன் வருகிறார். ஸ்காட்லாந்துக்காரர். கடற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்யும் கான்ட்ராக்டில் நன்றாகவே சம்பாதித்தவர். கான்ட்ராக்டர் ஒருவர் ஊர்ப் போக்குவரத்துக்குத் தீர்வு காணக் கிளம்பிய முதல் சந்தர்ப்பம் அதுவாகவே இருக்கலாம். கடைசிச் சந்தர்ப்பம் அதுவல்ல என்பது நமக்குத் தெரியும்.

அவர் பணம் போட்டு, சென்னையிலிருந்து எண்ணூருக்கு 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் 1806-ல் தயாரானது. பிறகு அது பழவேற்காடு ஏரிவரை நீண்டது. சுங்கம் வசூலித்தார்கள். ஆக, டோல்கேட்டுக்கும் நமக்கும் உள்ள சொந்தம் நான்குவழிச்சாலையில் தொடங்கியதல்ல. கோக்ரேன் பெரும்பணத்தோடு லண்டன் திரும்பி, போர்ட்மன் சதுக்கத்தில் பெரிய வீடு வாங்கி, அங்கே நீராவிக் குளியல் நிலையம் வைத்தார். பாட்னாவிலிருந்து போன ஷேக் தீன் முகமது என்பவர் அங்கே வேலை பார்த்து, துரைமார்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டு அந்த வித்தைக்கே பேர் வாங்கினார். சென்னைக்காரன் வேர்வையில் குளித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற இந்தக் காலத்தில், அவன் ஊர் முதல் பைபாஸைப் போட்டவர் நிலையம் வைத்தே ஆளை வேர்க்க வைத்தார் என்பது சின்ன ஆறுதல்.

1837-ல் அரசாங்கம் கால்வாயை எடுத்துக்கொண்டது. வடக்கே பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம் என்று அது நீண்டுகொண்டே போனது. ஸ்ரீஹரிகோட்டா விறகு படகில் வந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கியது. கால்வாய்ப் படகுகள் நிற்க வெட்டிய குட்டையால்தான் அந்த இடத்துக்கு அந்தப் பேரே. அன்றைக்குச் சென்னையின் சோறு வெந்தது ஸ்ரீஹரிகோட்டா விறகில். இன்றைக்கு அதே தீவில் அடுப்பு மூட்டினால் செயற்கைக்கோள் போகிறது. ஏரிக் கிளிஞ்சல் படகு படகாக வந்து சுண்ணாம்பாகி, மாளிகைச் சுவர்களில் பளிங்குபோல ஏறியது. படகை இழுத்தது மனுஷன்தான். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் இரண்டு பேர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். மெதுவான பயணம். ஆனால் ஒரு படகில் வந்த சரக்கைக் கொண்டுவர எத்தனை வண்டி மாடு வேண்டும் என்று கணக்குப் போட்டால், கால்வாய் என்ன வேலை செய்தது என்று புரியும். சரக்கை அது சாலைக்கு வரவிடாமலே வைத்திருந்தது.

அப்புறம் வந்தார் பக்கிங்காம் கோமகன். முழுப்பெயர் ரிச்சர்ட் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். அந்தப் பெயருக்குள்ளேயே ஐந்து வண்டி முட்டிக்கொண்டு நிற்கிறது. 1875 முதல் 1880 வரை சென்னை கவர்னர். போக்குவரத்து விஷயத்தில் மனிதர் கற்றுக்குட்டி இல்லை. இங்கிலாந்தில் ஒரு பெரிய ரயில் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். 1871-ல் தன் சொந்த நிலத்திலேயே ஒரு டிராம்வே போட்டார். அது மணிக்குச் சுமார் நாலு மைல் வேகத்தில் போனது. நாலு மைல் வேகத்தை ஒருவர் 1871-லேயே சாதித்துக் காட்டியிருக்கிறார் என்றால், மாலை ஆறு மணிக்கு ஓ.எம்.ஆரில் போகிறவர்கள் அவருக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

அவர் காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. இங்கே சிரிக்க ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலை என்று மண் வெட்டச் சொல்லி, 1877-ல் ஒரு கட்டத்தில் ஆம்பிளை ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலியாக நிர்ணயித்தார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் வாய்க்காலை 1877-78-ல் வெட்டியது அந்தப் பட்டினிக் கைகள்தான். வடகால்வாயும் தென்கால்வாயும் ஊருக்குள் கைகோத்தன. வெட்டியவன் பெயர் எங்கேயும் இல்லை. மொத்தக் கால்வாய்க்கும் கவர்னர் பெயர் வைத்தார்கள். திறப்புவிழாக் கல்வெட்டு விஷயத்தில் நாம் யாரிடம் பாடம் படித்தோம் என்பது தெளிவு.

இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை கால்வாய் உயிரோடு இருந்தது. பாரதிதாசனும் நண்பர்களும் மாமல்லபுரத்துக்குப் போனது அதில் படகு ஏறித்தான். 'மாவலிபுரச் செலவு' அப்படிப் பிறந்த கவிதை. அதே ஊருக்கு இன்று காரில் போகிறவருக்குக் கவிதை வரும்தான், ஆனால் அதைக் குடும்பத்தோடு படிக்க முடியாது. 1895-ல் வந்த மின்சார டிராமை 1953-ல் நிறுத்தினார்கள். 60-களிலும் 76-லும் அடித்த புயல்கள் கால்வாயைத் தூர்த்துப் போட்டன. தூர் வாருவதற்கு லாரி ஓட்டுவது சுலபம் என்று ஊர் முடிவுக்கு வந்தது. 1973-ல் ஜெமினி மேம்பாலம் எழுந்தபோது, நெரிசலுக்கு மேலேயே ஒரு வழி போட்டுவிட்டோம் என்று சென்னை நெஞ்சு நிமிர்த்தியது. கொஞ்ச நாளில் மேலேயும் நெரிசல், கீழேயும் நெரிசல். முன்பு ஒரு மாடியில் இருந்தது இரண்டு மாடி ஆனது.

பிறகு பறக்கும் ரயில் வந்தது. நகருக்குள் நிலம் வாங்குவது தலைவலி. வீட்டை இடித்தால் கோர்ட்டுக்குப் போவான், கடையை இடித்தால் மறியல் செய்வான். தண்ணீர் எங்கே போய் மனுக் கொடுக்கும்? பக்கிங்காம் கால்வாயின் நட்டநடுவிலும் ஓரத்திலும் தூண்களை நட்டார்கள். 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி வரை ரயில் பறந்தது. நெரிசலைத் தீர்க்க முன்னோர் வெட்டிய வழியின் நெஞ்சில் தூண் நட்டு, நெரிசலைத் தீர்க்க வழி போட்ட ஊர் உலகத்தில் இன்னொன்று இருந்தால் தெரியப்படுத்தவும். மழைக்காலத்தில் கால்வாய் தன் பாத்தியதையைக் கேட்டுத் தெருவுக்குள் வருகிறது. அன்றைக்குப் படகுதான் விடுகிறோம். கோக்ரேன் பார்த்தால் சுங்கம் கேட்பார்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய அந்த நீட்டிப்பு கடைசி அரைக் கிலோமீட்டரில் நிலச் சிக்கலில் மாட்டி வருஷக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் கூவத்துக்குள் இறங்குகின்றன, வெள்ளம் போக வழி மறிக்கிறது என்று 2012-ல் வேலை நின்றது. மொட்டைத் தூண்கள் பத்து வருஷம் காக்காய்க்கும் அரசியல் போஸ்டருக்கும் பயன்பட்டன. 2022-ல் அதே சாலைக்கு, இம்முறை ஈரடுக்காக, மறுபடி அடிக்கல். ஆற்றுக்கும் தூணுக்கும் நடுவே சென்னைக்கு இருக்கும் பாசம் எந்த ஜோசியத்திலும் பரிகாரம் சொல்லப்படாதது.

அந்தத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்தான் வடசென்னையின் தினசரி தரிசனம். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். டிரைவர் இறங்கி, டயர் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து, சாம்பார் கொதித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைக்கிற வரை முன்னால் நிற்கும் லாரி நகர்ந்திருக்காது. அந்த வழியாக வந்த பஸ் ஒன்றில், காசிமேட்டுக்கு ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருந்த பழவேற்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் அவருடைய மச்சானும் ஜன்னல் வழியே பார்த்தபடி பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"ஏன் மச்சான், இத்தினி வண்டி நிக்குதே, இன்னைக்கு யாருக்கு மொற?"

"மொறையா? இங்க மொற எல்லாம் ஒண்ணும் கெடையாது மாமா. எவன் மூக்க நொழைக்கிறானோ அவன் போவான்."

"அப்ப வல அறுந்துடுமே."

இந்த மூன்றாவது வரிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது தூண் இல்லாத சரித்திரம்; அதனால் அடிக்கல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், கடலோடு சேரும் முக்கியமான முகத்துவாரம் பழவேற்காட்டுப் பக்கம். இறால் குஞ்சாக அந்த வாய் வழியே உள்ளே வரும், ஏரியில் வளரும், வளர்ந்ததும் ராத்திரியில் நீரோட்டத்தோடு கடலுக்குக் கிளம்பும். அது தினமும் எந்த வழியில் கிளம்பும் என்பது கரையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கழி நட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டினால் காசு. இடம் கொஞ்சம், ஆள் நிறைய, எல்லோருக்கும் அவசரம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாதைக்கு வருகிறார்கள். சென்னையில் இதற்குப் பெயர் காலை ஒன்பது மணி.

முதல் ஆள் வலை கட்டிய இடத்துக்கு முன்னால் இரண்டாவது ஆள் கட்டினால் முதல் ஆளுக்குப் பூஜ்யம். அவன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கழியைப் பிடுங்குவான். மறுநாள் மண்டை உடையும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று மீனவர் குப்பங்கள் இதற்குத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் வழிதான் பாடு. வலை கட்டும் இடங்கள் இவை என்று வரையறுத்துக்கொள்வார்கள். ஊருக்கு ஊர் முறை. ஊருக்குள் ஆளுக்கு ஆள் முறை. யாருக்கு எந்த இடம் என்பது சீட்டில் வரும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். அமாவாசையில் அள்ளினவன் அடுத்த தடவை அஷ்டமியில் அலசிக்கொண்டிருக்கலாம். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், அபராதம் விழும். மாதாகுப்பத்துக்காரர் மாதா கோயிலுக்குப் போவார், பக்கத்துக் குப்பத்துக்காரர் அம்மன் கோயிலுக்குப் போவார். சீட்டுக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே பக்தியோடு வருவார்கள்.

இதில் ஏரியை அகலப்படுத்தும் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இறாலுக்கு மேம்பாலம் கிடையாது. இருக்கிற இடம் இவ்வளவுதான், எனவே ஒரு பகுதி ஆட்கள் இன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நாளைக்கு உன் முறை என்றும் சேர்த்துச் சொல்வதால் அவன் கேட்டுக்கொள்கிறான்.

கடல் தாண்டினால் இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருக்கிறது. வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள்; அதை 1958-ல் அரசாங்க விதியாகவே எழுதிவைத்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதே விஷயத்தைப் பெரும் செலவில் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூர் 1975-ல் நகர மையத்துக்குள் கார் நுழையக் கட்டணம் வைத்தது. 1990 முதல் கார் வைத்திருக்கவே ஏலத்தில் சான்றிதழ் எடுக்க வேண்டும். சில சமயம் காரைவிட அந்தக் காகிதம் விலை அதிகம். லண்டன் 2003-ல் கட்டணம் போட்டது. டெல்லி 2016 ஜனவரியில் ஒற்றைப்படை நம்பர் ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள் என்று முறை வைத்துப் பார்த்தது. வசதியானவர் வீட்டில் ஒற்றையும் இருந்தது, இரட்டையும் இருந்தது. சிங்கப்பூரில் முறை பணக்காரனுக்குப் போகிறது. டெல்லியில் இரண்டு கார்க்காரனுக்குப் போனது. குப்பத்தில் அது அதிர்ஷ்டத்துக்குப் போகிறது. அதிர்ஷ்டத்துக்கு மாமன் மச்சான் இல்லாததால் சண்டை கம்மி.

குப்பத்தைத் தூக்கி நடு ஹாலில் மாட்டி மாலை போட்டுவிட வேண்டாம். பாடு முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சீட்டில் யார் பேர் இருக்கலாம் என்பதை யார் முடிவு செய்தார்கள்? குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாதி, அதிலும் ஆண்கள். அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டு இல்லை. தலித் மீனவர்களுக்கு இல்லை. கூடையைத் தலையில் வைத்து மீன் விற்று வீட்டை நடத்தும் பெண்களுக்கு இல்லை. ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுப்பப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தவர்களுக்கும் இல்லை. இறால் வெளிநாட்டுக்குப் போய் டாலராகத் திரும்ப ஆரம்பித்ததும் சீட்டு இல்லாதவர்களும் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சண்டை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? வரிசை எவ்வளவு ஒழுங்காக நகர்ந்தாலும், அதில் நிற்கவே விடப்படாதவனுக்கு அது சுவர்தான்.

இப்போது முகத்துவாரமே அடிக்கடி மணல் அடைத்துக்கொள்கிறது. வாயில் நீரோட்டம் குறைந்தால் இறாலும் வராது, படகும் போகாது. குப்பத்தார் மண்வெட்டியோடு போய்த் தோண்டுவார்கள். இயந்திரம் கொண்டுவந்தும் தோண்டுவார்கள். அடுத்த பருவத்தில் கடல் மறுபடி மூடும். ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். செயற்கைக்கோளுக்கு மட்டும் எப்போதும் பச்சை விளக்கு.

இதற்கிடையே சென்னை வீடு தேடி வந்துகொண்டிருக்கிறது. 2022-ல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். வண்டலூரிலிருந்து கிளம்பிய வெளிவட்டச் சாலை மீஞ்சூர் வரை வந்துவிட்டது. அதற்கு வெளியே எண்ணூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு இன்னொரு வட்டம் போடுகிறார்கள். வட்டத்துக்கு வெளியே வட்டம், அதற்கும் வெளியே மனை விற்பனை, மனைக்கு வெளியே மறுபடி வட்டம். வான் வெசிக் வாசலில் நிறுத்திய விருந்தாளி, நானூறு வருஷம் சுற்றிவிட்டு, ஜே.சி.பி.யோடு பின்வாசலில் நிற்கிறார்.

சென்னைச் சாலையில் முறை இல்லை என்று அந்த மச்சான் சொன்னது முழுக்கச் சரியல்ல. முறை இருக்கிறது, சீட்டுப் போடவில்லை, அவ்வளவுதான். பாடு முழுக்கக் காருக்குப் போயிருக்கிறது. அறுபது பேரை ஏற்றிய மாநகரப் பேருந்தும் ஒரே ஆளை ஏற்றிய காரும் ஒரே சிக்னலில் சமமாக நிற்பதை நாம் சமத்துவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறியவர்கள் எல்லோரும் காருக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். நடந்து போகிறவர் நிலைமை ஏரியில் இருளர் நிலைமை: அவர் எங்கேயாவது ஓரமாகத் தடவிக்கொண்டு போக வேண்டியதுதான்.

முறை மாற்றவே முடியாதா என்றால், 2019-ல் பாண்டி பஜாரில் மாற்றிப் பார்த்தார்கள். காரிடமிருந்து சாலையைக் கொஞ்சம் பிடுங்கி நடைபாதைக்குக் கொடுத்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்றைக்குப் போய்ப் பாருங்கள், வியாபாரம் எழுந்து உட்கார்ந்து பானிபூரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. விழுந்திருந்தால் அதைத் தாங்க ஒரு தூண் போட்டிருப்பார்கள்.

ஆனால் ஒரு தெருவில் செய்ததை ஊர் முழுக்கச் செய்ய ஒரு தைரியம் வேண்டும். பேருந்துக்குத் தனித்தடம் என்றால் காருக்கு ஒரு தடம் குறைவு. இதை ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். கோக்ரேன் காலத்திலிருந்து இந்த ஊர் எல்லாவற்றையும் செய்திருக்கிறது. வெட்டியிருக்கிறது, தூர்த்திருக்கிறது, தூண் நட்டிருக்கிறது, பறந்திருக்கிறது, பூமிக்குள் போயிருக்கிறது. இன்னொருவர் முறை வரும்வரை கொஞ்சம் பொறு என்று கார் வைத்திருப்பவரிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் இத்தனை கோடி ரூபாய்க்குக் கான்கிரீட் கலக்கியிருக்கிறோம்.

அதனால் அடுத்த தடவை நெரிசலுக்கு நிரந்தரத் தீர்வு என்று யாராவது ஒரு வண்ணப்படத்தை விரித்தால், தூண் எத்தனை, நீளம் எவ்வளவு என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பஸ்ஸில் வந்த பெரியவர் கேட்டதைக் கேளுங்கள்: இன்னைக்கு யாருக்கு மொற? கூடவே குப்பத்தார் கேட்க மறந்ததையும் கேளுங்கள்: சீட்டில் யார் பேர் இல்லை? எல்லோரும் ஒரே நேரத்தில் போகலாம், யாரும் காத்திருக்கவே வேண்டாம் என்று பதில் வந்தால், படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து, வான் வெசிக் செய்ததுபோல மரியாதையாக மசூலிப்பட்டினத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடலாம்.